குடும்பச் சட்டமும் கொள்கையும்: ஓராண்டுப் பட்டயப் படிப்பு குறித்து ஒரு மதிப்புரை

சென்னையிலுள்ள ஒரு பல்கலைக்கழகம், வேலைக்குச் செல்பவர்களுக்காகச் சனி, ஞாயிறுகளில் நடத்தும் ‘குடும்பச் சட்டமும் கொள்கையும்’ என்னும் முதுநிலைப் பட்டயப் படிப்பை அண்மையில் முடித்தேன். எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. கட்டணம் என் ஒன்றரை மாதச் சம்பளத்தைவிடச் சற்றுக் குறைவு. இரண்டு தவணைகளில் கட்ட அனுமதித்தார்கள். குறைகளையும் எழுதப் போவதால் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

நான் வணிகவியல் பட்டதாரி. பத்தொன்பது ஆண்டுகளாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஆவண எழுத்தர் ஒருவரிடம் பணிபுரிகிறேன். கிரயம், ஏற்பாடு (விலை வாங்காமல் சொத்தை எழுதித் தருவது), பாகப்பிரிவினை, விடுதலை என்று நான் தட்டச்சு செய்த பத்திரங்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் என்னை உறுத்தியவை அக்காள் தங்கைகள் அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரங்கள். ‘மேற்படி சொத்தில் எனக்குள்ள பிரிபடாத பாகத்தை விடுதலை செய்து கொடுத்துவிட்டபடியால், இனி எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது’ என்ற வரியை எத்தனை முறை அடித்திருப்பேனோ தெரியாது. கையெழுத்துப் போட வந்த ஓர் அம்மாள், இடது பெருவிரலில் மை ஒட்டியிருக்க, அதைப் புடவை முந்தானையில் துடைக்கலாமா வேண்டாமா என்று தயங்கியபடியே என்னிடம், “என்ன பண்றதும்மா, நாளைக்கு எங்க அம்மா வீட்டுப் படி ஏறணுமே” என்றார். அவருக்கு உரிமை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த உரிமை எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, அதை அவர் விட்டுக்கொடுப்பதற்கு முன் அவரிடம் என்னென்ன சொல்லப்பட வேண்டும் என்பவை மட்டும் எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சேர்ந்தேன். ஆகவே இந்தப் படிப்பை நான் எடைபோடும் அளவுகோலும் ஒன்றே: என் மேசைக்கு எதிரே உட்காரும் அந்த அம்மாளுக்கு இதனால் ஏதேனும் பயன் உண்டா?

முதல் பருவத்தின் வாரிசுரிமைப் பாடம் அந்தக் கேள்விக்கு நேரடியாகவே பதில் தந்தது. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் இயற்றியதில் தொடங்கி, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளைப் பிறப்பால் பங்குதாரராக்கிய 1989-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம், நாடு முழுமைக்குமான 2005-ஆம் ஆண்டுத் திருத்தம், 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு என்று ஒரே நூலில் கோத்துச் சொன்னார்கள். தமிழ்நாட்டுத் திருத்தம் 25.3.1989-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் திருமணமான மகள்களுக்கு அது பொருந்தாது. இந்தத் தேதி எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தத் தேதியால் வெளியே நிறுத்தப்பட்ட மூத்த மகள்களை 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் உள்ளே அழைத்துக்கொண்டது என்பதையும், தந்தை 9.9.2005 அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வினீதா சர்மா தீர்ப்போடு நீங்கியது என்பதையும், 20.12.2004-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினைகளைக் கலைக்க முடியாது என்பதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க எனக்கு அதுவரை தெரியவில்லை. ‘அக்காவுக்கு 1987-லேயே கல்யாணம் ஆகிவிட்டது, அவருக்குப் பங்கு கிடையாது’ என்று அண்ணன் தம்பிகள் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிய நாட்கள் நினைவுக்கு வந்து, அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அதே பாடத்தில் இன்னொரு நாள், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவை எடுத்தார்கள். உயில் எழுதாமல் இறக்கும் இந்துப் பெண்ணுக்குப் பிள்ளைகளும் கணவரும் இல்லையென்றால், அவர் தாமே சம்பாதித்த சொத்துகூட முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய்க்கும் தந்தைக்கும் அதற்குப் பிறகே இடம். திருமணமாகிச் சில மாதங்களிலேயே கணவரை இழந்து, புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்டு, தாய்வீட்டில் இருந்தபடி படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு, அவர் இறந்தபின் அதே புகுந்த வீட்டாருக்குப் போனதை 2009-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது என்று பேராசிரியர் சொன்னபோது வகுப்பே அமைதியானது. எனக்குப் பக்கத்தில் உட்காரும் செவிலியர் கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, வயதான தாயோடு வாழ்கிறார். அடுத்த வாரமே எங்கள் அலுவலகத்துக்கு வந்து உயில் எழுதினார். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும் என்று நான் சொல்லியும், பதிவு செய்துவிட்டுத்தான் போனார். ஒரு பல்கலைக்கழக வகுப்பு ஒருவருடைய வாழ்க்கையில் ஏழே நாட்களில் செய்யக்கூடிய காரியம் இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

திருமணச் சட்டப் பகுதியில் இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவுக்கு இரண்டு வகுப்புகள் ஒதுக்கியிருந்தார்கள். தமிழ்நாட்டில் நடத்தப்படும் படிப்புக்கு இது தேவையான முடிவு. 1967-இல் அண்ணா தலைமையிலான அரசு கொண்டுவந்த திருத்தம் அது. புரோகிதரும் தீயும் இன்றி, உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும். இப்படிப்பட்ட திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் வாசித்தோம். என் பெற்றோரின் திருமணம் 1971-இல் வியாசர்பாடியில் ஒரு கீற்றுப் பந்தலின் கீழ் அப்படித்தான் நடந்தது. அந்தச் சட்டப்பிரிவைத் தமிழில் எழுதிக்கொண்டு போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “ஐயர் வராததால செல்லாதுன்னு உங்க அத்தை சொல்லிக்கிட்டே இருப்பா” என்றார். ஐம்பது ஆண்டுகளாக ஒரு சந்தேகத்தை அவர் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டாம் பருவத்தின் கொள்கைப் பாடமே இந்தப் படிப்பின் உயிர் என்பது என் துணிபு. அரசு ‘குடும்பம்’ என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறது என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு, இளம் பேராசிரியர் ஒருவர் பதினான்கு வாரங்கள் நடத்தினார். மகன் இறந்தபின் மாமியாரோடு ஒரே வீட்டில் வாழும் மருமகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். குடும்ப அட்டையில் அவர் குடும்ப உறுப்பினர். 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் ஓர் அட்டைக்கு ஒருவரே பயனாளி என்பதால், மாமியாரா மருமகளா என்று அந்த வீடே முடிவு செய்ய வேண்டும். மாமியார் உயில் எழுதாமல் இறந்தால் வாரிசு யார் என்பதற்கு வேறு விதி. மாமனார் இறந்தால், முன்னரே இறந்த மகனின் மனைவி என்ற முறையில் அவர் முதல் வகுப்பு வாரிசு, அதாவது சொத்து முதலில் போய்ச் சேரும் வரிசையில் இருப்பவர். ஆனால் மாமியார் அன்போடு தம் வீட்டை இந்த மருமகளுக்கு ஏற்பாடு எழுதிக் கொடுக்க விரும்பினால், முத்திரைத் தீர்வைக்கான குடும்பப் பட்டியலில் மருமகள் இல்லை. தந்தை, தாய், கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஆகியோருக்கு மட்டுமே 1 விழுக்காடு, அதிலும் அதிகபட்சம் 40,000 ரூபாய் என்ற சலுகை. 2023 ஜூலை வரை அந்த உச்சவரம்பு 25,000 ரூபாயாக இருந்தது. இந்தப் பட்டியலை நாள்தோறும் கையாள்பவள் நான். ஆனாலும் ஒரே பெண் ஓர் அலுவலகத்தில் குடும்பமாகவும், தெரு தாண்டினால் அந்நியராகவும் ஆவதை அன்று வகுப்பில்தான் முழுமையாகப் பார்த்தேன். முதல் வகுப்பு வாரிசுகளில் தாய் இருக்கிறார், தந்தை இல்லை என்பதையும் அதே பேராசிரியர்தான் கவனிக்க வைத்தார். மகனை இழந்த தந்தையர் பலருக்கு வாரிசுச் சான்று வாங்கப் போகும்போதுதான் இது தெரியவருகிறது.

வீட்டு வேலையின் மதிப்பு குறித்த விவாதமும் நினைவில் நிற்கிறது. கணவர் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், ஊரில் இருந்து வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை வைத்து இரண்டு மணி நேரம் பேசினோம். இல்லத்தரசியின் பங்களிப்பை நேரடியாக ஏற்கும் சட்டம் ஏதும் இல்லாத நிலையில் நீதிமன்றமே அதை ஏற்றுக்கொண்டது. சட்டமன்றமும் ஏற்றால் எப்படி எழுத வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். என் வாழ்க்கையில் ஒரு சட்டப்பிரிவை நானே எழுதிப் பார்த்தது அதுவே முதல் முறை. அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நடைமுறைப் பாடத்தை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நடத்தினார். 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தை அவர் சொல்லித் தந்த விதத்துக்காகவே சேரலாம். அந்தச் சட்டத்தின்படி வழக்கறிஞரை வைத்துக்கொள்வதை ஒருவர் உரிமையாகக் கோர முடியாது. சமரசத்துக்கு முயற்சி செய்வது நீதிமன்றத்தின் கடமை. காகிதத்தில் இப்படி இருக்க, நடைமுறையில் வக்காலத்து இல்லாத வழக்கே அபூர்வமாகிப் போனது ஏன் என்று வழக்கு வழக்காக விளக்கினார். மாதிரி விசாரணையில் நான் தாயின் தரப்பில் வாதாடியபோது, சட்டப்பிரிவுகளை வரிசையாக அடுக்கினேன். நிறுத்தச் சொன்னார். “பிரிவெல்லாம் கடைசியில சொல்லுங்கம்மா. அந்தக் குழந்தை இன்னைக்கு ராத்திரி எங்க தூங்கும், காலையில யார் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க, அதை முதல்ல சொல்லுங்க” என்றார். மைனர் பிள்ளைக்குச் சட்டப்படி இயல்பாகவே பொறுப்பாளராகும் ‘இயற்கைக் காப்பாளர்’ யார் என்ற கேள்வியில், ‘தந்தைக்குப் பின் தாய்’ என்ற சொற்றொடரிலுள்ள ‘பின்’ என்பதற்குத் தந்தையின் மரணத்துக்குப் பின் என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டியதில்லை என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை, ஒரு சொல்லில் எத்தனை தாய்மார்களின் கையெழுத்து அடங்கியிருக்கிறது என்று அவர் விளக்கியது மறக்காது.

அவரோடு ஒரு நாள் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள குடும்ப நீதிமன்றத்துக்குப் போனோம். வழக்குகளை மூடிய அறையில் விசாரிக்கச் சட்டம் இடம் தருவதால், பெரும்பாலான நேரம் தாழ்வாரத்திலேயே நின்றோம். அங்கே ஒருவர் பள்ளிக்கூடக் காலணி இருந்த பிளாஸ்டிக் பையோடு நின்றிருந்தார். சிறுமி வந்ததும் மண்டியிட்டுப் போட்டுவிட்டார், கால் நுழையவில்லை. எட்டு மாதத்துக்கு முன் தெரிந்த அளவில் வாங்கியிருக்கிறார். சிறுமியின் அம்மா, சற்றுத் தள்ளி நின்றபடி, யாரையும் பார்க்காமல் சரியான அளவைச் சொன்னார். அவர் அதைத் தம் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். குழந்தையைச் சந்திக்கும் உரிமை பற்றி அதுவரை நான் படித்திருந்த தீர்ப்புகளையெல்லாம் அதற்குப் பிறகு மறுபடியும் படித்தேன். திரும்பும் வழியில், இந்தியாவிலேயே முதன்முதலாக நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005-இல் தொடங்கியது இதே உயர் நீதிமன்றத்தில்தான் என்று காட்டினார். சென்னையில் இந்தப் படிப்பைப் படிப்பதன் சிறப்பு இதுதான்: வகுப்பில் கேட்டதை மெட்ரோ ஏறிப் போய்க் கண்ணால் பார்த்துவிடலாம், வாங்க வேண்டிய சட்டப் புத்தகங்களும் பாரிமுனையிலேயே கிடைக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் இப்படி அழைத்துப் போனது அந்த ஒரு நாள் மட்டுமே. இது போதவே போதாது.

மற்ற குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, பாடப்பொருள் பழையது. 1.7.2024 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்குப் பதிலாக, அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு வந்துவிட்டது. ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண்ணுக்கு வழிகாட்ட வேண்டியவர்கள் படிக்கும் அச்சுப் புத்தகத்தில் பழைய எண்ணே இருந்தது. கேட்டபோது ‘அடுத்த பதிப்பில் மாறும்’ என்றார்கள். ஒரு பக்கத் திருத்தப் பட்டியலை நகலெடுத்துத் தருவதற்கு அடுத்த பதிப்பு தேவையில்லை.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. ஜீவனாம்சம் குறித்து ஆறு வாரம் கோட்பாடு படித்தோம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளின்படி, இரு தரப்பினரும் தம் வருமானம், செலவு, சொத்து, கடன் அனைத்தையும் குறிப்பிட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது தேர்வில் ஐந்து மதிப்பெண் வினா. அந்தப் படிவத்தை ஒருமுறைகூட எங்களை நிரப்பச் சொல்லவில்லை. பிள்ளையின் டியூஷன் கட்டணத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது, ரசீது இல்லாத மளிகைச் செலவுக்கு எதைக் காட்டுவது, கணவரின் வருமானம் தெரியாத மனைவி அந்த இடத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் தொகை கூடுவதும் குறைவதும் இருக்கிறது. படிவங்களோடு வாழ்பவள் என்பதால் எனக்கு இது கூடுதலாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் வகுப்பிலிருந்த இருபத்தேழு பேரில் பாதிப் பேர் சமூகப் பணியாளர்கள், ஆசிரியர்கள். அவர்களிடம்தான் அந்தப் படிவம் முதலில் வந்து சேரும்.

மூன்றாவது, பாடநேரப் பங்கீடு. இந்துச் சட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு பருவம். முஸ்லிம், கிறித்தவக் குடும்பச் சட்டங்களுக்குச் சேர்த்து நான்கு வகுப்புகள். 1985-ஆம் ஆண்டு ஷா பானோ வழக்கிலிருந்து, முஸ்லிம் பெண்ணும் 125-ஆம் பிரிவின் கீழ் பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்று 2024 ஜூலையில் வந்த தீர்ப்பு வரையிலான நெடும் பயணத்தை ஒரே பிற்பகலில் ஓடிக் கடந்தோம். திருவல்லிக்கேணியும் மண்ணடியும் சாந்தோமும் இருக்கும் ஊரில் இந்தப் பங்கீடு சரியில்லை. திருநங்கை ஒருவரை மணமகளாக ஏற்றுத் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்புக்கும் அரை மணி நேரமே கிடைத்தது.

மொழி பற்றியும் ஒரு சொல். வகுப்பில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினார்கள். கேள்வி கேட்பதில் யாருக்கும் தடையில்லை. தேர்வு மட்டும் முழுக்க ஆங்கிலத்தில். அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர், வகுப்பில் எல்லோரையும்விடத் தெளிவாகப் பேசியவர், முதல் பருவத்தில் இரண்டு தாள்களில் தோற்றார். வாதி, பிரதிவாதி, பாத்தியதை, வாய்தா, பாகம், சீதனம் என்று இந்தத் துறைக்குத் தமிழில் புழங்கும் சொற்கள் ஏராளமாக உள்ளன; நாங்கள் பத்திரம் எழுதுவதே அவற்றில்தான். விடைத்தாளில் அவற்றுக்கு இடம் இல்லாததற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. துறையிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டோம்.

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும், குடும்பங்களோடு நேரடியாக வேலை செய்பவர்களுக்கு இந்தப் படிப்பை மனமாரப் பரிந்துரைக்கிறேன். வழக்கறிஞராகும் எண்ணத்தில் சேர்பவர்களுக்கு இது உதவாது; அதற்கு மூன்றாண்டுச் சட்டப் படிப்புதான் வழி. என் வேலையில் வந்திருக்கும் மாற்றம் சிறியது, ஆனால் உறுதியானது. விடுதலைப் பத்திரம் என்றால், விட்டுக்கொடுப்பவரைத் தனியாக உட்கார வைத்து, அவருடைய பங்கு எவ்வளவு, அரசு நிர்ணயித்த இன்றைய வழிகாட்டி மதிப்பில் அது எத்தனை ரூபாய் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிய பிறகே வரைவைத் தொடங்குகிறேன். முதலாளி முதலில் முகம் சுளித்தார், பிறகு சம்மதித்தார். காட்டிய பிறகும் பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். சிலர் தொகையைப் பார்த்துவிட்டு, வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போகிறார்கள். அப்படிப் போனவர்களில் இருவர் திரும்பி வந்து, விடுதலைக்குப் பதிலாகப் பாகப்பிரிவினை எழுதினார்கள்.

சேர விரும்புவோர், இது போன்ற படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தில் நடந்தாலும், கட்டணம் கட்டுவதற்கு முன் அலுவலகத்தில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: பாடப்பொருள் 2024 ஜூலைக்குப் பின் திருத்தப்பட்டதா, களப்பயிற்சி எத்தனை நாட்கள், தமிழில் தேர்வு எழுதலாமா. மூன்றாவதை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைத் துறையில் குறித்து வைக்கிறார்கள். ஆகையால் ஆங்கிலத்தில் எழுத முடிந்தவர்களும் அதைத் தவறாமல் கேட்க வேண்டும்.